முருங்கை இலை வடிநீரில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்: ஆய்வகச் செய்முறையும் சோதனைகளும்

உலர்த்திப் பொடித்த முருங்கை இலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீரையும் ஒரு துத்தநாக உப்பையும் கொண்டு நானோ அளவிலான துத்தநாக ஆக்சைடைத் தயாரிப்பது, முதுகலை மாணவர் ஒருவர் மூன்று நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அந்தப் பொடி மருத்துவத்துக்கு உதவும் என்று சொல்வதற்கான சான்றைத் திரட்ட மூன்று மாதம்கூடப் போதாது. கையேடுகள் பலவும் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. இங்கே தயாரிப்பைச் சொல்லும்போதே, ஒவ்வொரு படியிலும் இலை உண்மையில் என்ன செய்தது என்பதைப் பின்னால் நிரூபிக்க எதை எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் சொல்ல முடியாமல் தடுமாறும் இடமும் இதுதான்.

முதலில் ஒரு தவறான வாக்கியம்

வெள்ளி நானோ துகளைத் தயாரிக்கும்போது தாவரச் சாற்றிலுள்ள பாலிபீனால்கள் எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. வெள்ளி அயனி ஒடுக்கமடைந்து உலோக வெள்ளியாகிறது. கரைசல் மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. அந்த நிறமாற்றமே துகள் உருவானதற்கு அடையாளம். துத்தநாக ஆக்சைடின் கதை வேறு. உப்பில் இருக்கும்போதும் துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +2, ஆக்சைடான பிறகும் +2. எனவே இங்கே ஒடுக்கம் என்று எதுவும் நிகழவில்லை. ஆனாலும் ‘சாற்றிலுள்ள சேர்மங்கள் துத்தநாக அயனியை ஒடுக்கி ஆக்சைடாக்கின’ என்ற வாக்கியம் வெள்ளியைப் பற்றிய கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டு ஆய்வேடு ஆய்வேடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறமாற்றத்தைச் சான்றாகக் காட்டுவதும் அப்படித்தான். துத்தநாக ஆக்சைடு வெண்மையானது. பழுப்பு நிறம் தெரிந்தால் அது இலையின் நிறமே.

உண்மையில் நிகழ்வது இது. முருங்கை இலையிலுள்ள குவெர்செடின், கேம்ப்ஃபெரால் ஆகியவற்றின் கிளைகோசைடுகளும் குளோரோஜெனிக் அமிலமும் புரதங்களும் துத்தநாக அயனியை இடுக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன. காரம் சேர்க்கும்போது ஹைட்ராக்சைடு படிவாகிறது. சூட்டில் அது நீரை இழந்து ஆக்சைடாகிறது. அயனியை அந்தச் சேர்மங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பதாலும், உருவாகும் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதாலும் துகள் பெரிதாக வளர்வது தடைப்படுகிறது. அதாவது, ஆக்சைடை உண்டாக்குவது காரமும் வெப்பமும். அதன் அளவையும் வடிவத்தையும் மாற்றுவது இலை. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் ஒப்பீட்டு முகவைகள் எதற்கு என்பது விளங்கும்.

துத்தநாகத்தைத் தாவரச் சாற்றோடு சேர்த்து ஆக்சைடாக்குவது நம்மிடம் புதிதன்று. சித்த மருத்துவத்தில் நாகம் என்று வழங்கும் துத்தநாகத்தை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் வைத்து மூடிச் சீலைமண் செய்து புடமிட்டு நாக பற்பம் ஆக்குவார்கள். இலக்கியத் தேடலின்போது ஒரு கவனம் தேவை: ஆயுர்வேத நூல்களில் நாகம் என்ற சொல் ஈயத்தைக் குறிக்கும். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து ஈயப் பற்பத்தின் ஆய்வு முடிவைத் துத்தநாகத்துக்குச் சான்றாகக் காட்டிவிடக் கூடாது.

இலை

முருங்கையை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அது ஆண்டு முழுவதும் கிடைக்கும், இனம் காண்பதில் குழப்பம் இல்லை என்பதே. அதற்கு ஒரு குறையும் உண்டு. பொட்டாசியமும் கால்சியமும் மிகுந்த இலை அது. அந்தக் குறை எங்கே போய்த் தலைகாட்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே மரத்திலிருந்து முதிர்ந்த இலைகளைப் பறித்து, ஒரு கிளையைத் தாவரவியல் துறையில் மாதிரியாகப் பதிந்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பறித்த இடம், நாள், மரத்துக்கு உரமோ பூச்சிமருந்தோ இடப்பட்டதா என்பவற்றையும் குறிக்க வேண்டும். இலைகளை உருவிக் குழாய்நீரில் இருமுறையும் காய்ச்சி வடித்த நீரில் இருமுறையும் அலசி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் பீனால் சேர்மங்கள் குறையும். இலை பச்சை மாறிப் பழுப்பாகும். காய்ந்த இலை கையில் நொறுங்க வேண்டும். அதை மிக்சியில் அரைத்துச் சலித்து, ஈரம் புகாத புட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

5 கிராம் பொடியை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் இட்டு 70 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட வேண்டாம். புரதம் திரிந்து வடிதாளை அடைத்துக்கொள்ளும், பாலிபீனால்களும் காற்றோடு வினைபுரிந்து கருக்கும். ஆறிய பின் மஸ்லின் துணியில் வடித்து, வாட்மன் 1-ஆம் எண் வடிதாளில் மறுபடியும் வடித்து, மிஞ்சிய மண்டியை மையவிலக்கியில் நீக்க வேண்டும். கிடைப்பது பழுப்பு மஞ்சள் நிறமுள்ள தெளிந்த வடிநீர். அன்றே பயன்படுத்துவது நல்லது. குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்தாலும் மூன்று நாளைத் தாண்ட வேண்டாம். புளித்த வாடை வந்தாலோ, ஊற்றும்போது நூல்போல் இழுத்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒவ்வொரு தொகுதி வடிநீருக்கும் மூன்று அளவுகள் கட்டாயம் வேண்டும்: பிஎச் மதிப்பு, 10 மி.லி.யை 105 டிகிரியில் ஆவியாக்கினால் எஞ்சும் திண்மத்தின் எடை, ஃபோலின் சியோகால்ட்டு முறையில் 765 நானோமீட்டரில் அளந்த மொத்தப் பீனால் (கேலிக் அமிலம் என்னும் எளிய பீனாலின் சமமதிப்பில்). ஆடியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை. இந்த மூன்று எண்களும் இல்லாத செய்முறையை வேறொருவர் திரும்பச் செய்யவே முடியாது. ‘பசுமைத் தொகுப்பு முறை’ என்று அழைக்கப்படும் இந்தத் துறையின் மிகப் பெரிய பலவீனம், என் கணிப்பில், இதுதான்.

நான்கு முகவைகள்

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட்டை 2.195 கிராம் எடுத்து 100 மி.லி. நீரில் கரைத்தால் 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டைப் பயன்படுத்துவோர் 2.975 கிராம் எடுக்க வேண்டும். நான் அசிட்டேட்டையே பரிந்துரைக்கிறேன். காரணத்தைச் சுடும் பகுதியில் சொல்கிறேன். கீழ்க்கண்ட நான்கு முகவைகளையும் ஒரே நாளில், ஒரே சூட்டில் நடத்த வேண்டும்.

அ: துத்தநாகக் கரைசல் 100 மி.லி., இலை வடிநீர் 20 மி.லி.
ஆ: துத்தநாகக் கரைசல் 100 மி.லி., வெறும் நீர் 20 மி.லி.
இ: வெறும் நீர் 100 மி.லி., இலை வடிநீர் 20 மி.லி.
ஈ: துத்தநாகக் கரைசல் 100 மி.லி., வடிநீரில் அளந்த பீனால் அளவுக்கு ஈடான கேலிக் அமிலம் கரைத்த நீர் 20 மி.லி.

‘ஆ’வும் ‘அ’வும் ஒரே மாதிரித் துகளைத் தந்தால் இலையால் எந்தப் பயனும் இல்லை என்று பொருள். ‘ஈ’யும் ‘அ’வும் ஒன்றாக இருந்தால் எந்தப் பீனாலும் அந்த வேலையைச் செய்யும், முருங்கைக்குத் தனிச் சிறப்பில்லை என்று பொருள். ‘இ’ முகவையில் படிவு விழுந்தால் அது இலையிலிருந்தே வந்த கால்சியம் முதலியவற்றின் உப்பு. ‘அ’வில் கிடைக்கும் பொடியிலும் அது கலந்திருக்கும்.

செய்முறை நான்குக்கும் பொது. முகவையைச் சூடேற்றும் காந்தக் கலக்கியில் வைத்து 60 டிகிரிக்குக் கொண்டுவந்து, வடிநீரை நொடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் விட்டு, அரை மணி நேரம் கலக்கவிட வேண்டும். ‘அ’ முகவையில் வெளிர்மஞ்சள் கலங்கல் தோன்றலாம். அது துத்தநாகத்தோடு பீனால்கள் சேர்ந்த கூட்டுச் சேர்மம், ஆக்சைடு அன்று. அடுத்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். 10 மில்லிமோல் துத்தநாகத்துக்குக் கணக்குப்படி 20 மி.லி. காரம் செலவாகும், சாற்றின் அமிலத்தன்மைக்காக இன்னும் சிறிது வேண்டும். பிஎச் 11 வந்ததும் நிறுத்தி, சூட்டை 70 டிகிரிக்கு உயர்த்தி, இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும். காரம் குறைந்தால் ஆக்சைடுக்குப் பதில் அடுக்கடுக்கான காரத் துத்தநாக அசிட்டேட் எஞ்சும். கை தவறிக் காரம் மிகுந்து பிஎச் 13-ஐத் தாண்டினால், விழுந்த படிவு ஜிங்கேட் அயனியாகித் திரும்பக் கரையத் தொடங்கும். பால்போல் இருந்த முகவை கண்ணெதிரே தெளிவதைப் பார்த்தால் காரணம் அதுதான். பிஎச் அளவியின் மின்முனையை 60 டிகிரிக் கரைசலில் நேராக முக்கி எண்ணை நம்ப வேண்டாம். வெப்ப ஈடு செய்யும் அளவியாக இருக்க வேண்டும், இல்லையேல் சிறிது எடுத்து ஆறவைத்து அளக்க வேண்டும்.

கழுவுதல், உலர்த்துதல், சுடுதல்

படிவை மையவிலக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில் பத்து நிமிடம் ஒதுக்கி, நீரில் மூன்று முறையும் எத்தனாலில் ஒரு முறையும் கழுவ வேண்டும். சுழற்சி எண் மட்டும் எழுதினால் போதாது. சுழலியின் ஆரம் கருவிக்குக் கருவி மாறுவதால் புவியீர்ப்பின் எத்தனை மடங்கு விசை என்பதையும் எழுத வேண்டும். கழுவிய நீரின் மின்கடத்துதிறன் காய்ச்சி வடித்த நீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவல் முடியவில்லை. சோடியம் அசிட்டேட் எஞ்சினால் பின்னால் பாக்டீரியாச் சோதனையில் அதுவும் ஒரு பங்கு வகிக்கும். கழுவுநீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. துத்தநாகம் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தனிக் கலனில் சேர்த்து ஆய்வகக் கழிவாக அனுப்ப வேண்டும்.

70 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி எடை பார்க்கும்போது ஒரு சிறிய கணக்கு உதவும். 10 மில்லிமோல் துத்தநாகத்திலிருந்து கிடைக்கக்கூடிய ஆக்சைடு 0.81 கிராமே. கையில் இருப்பது 0.6 கிராம் என்றால் கழுவலில் போயிருக்கிறது. 1 கிராம் என்றால் மகிழ வேண்டாம். மேற்கொண்டு இருப்பது கரிமப் பொருளும் நீரும் உப்பும்தான். விளைச்சல் நூறு விழுக்காட்டுக்கு மேல் வந்ததைச் சாதனையாக எழுதியிருந்த வரைவு ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன்.

இப்போது பொடியைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை உலர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, மறுபாதியை அலுமினா மூசையில் இட்டு மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். உலையைத் திறந்தவுடன் பொடி எலுமிச்சை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெண்மையாகவும் தெரியும். மூசை குளிரக் குளிர மஞ்சள் வடிந்து வெளுப்பதை நின்று பார்க்கலாம். ஆறிய பின்னும் சாம்பல் நிறமோ கரும்புள்ளியோ இருந்தால்தான் கரி முழுதும் எரியவில்லை என்று பொருள்.

நைட்ரேட் உப்பை ஏன் தவிர்க்கச் சொன்னேன் என்பது இங்கே. சில செய்முறைகளில் காரமே சேர்க்காமல், நைட்ரேட்டையும் சாற்றையும் கூழாகக் காய்ச்சி அப்படியே உலையில் வைக்கச் சொல்வார்கள். நைட்ரேட் நல்ல ஆக்சிஜனேற்றி, சாற்றிலுள்ள சர்க்கரை நல்ல எரிபொருள். இரண்டும் சேர்ந்த கூழ் ஒரு கட்டத்தில் திடீரென்று பற்றிப் பொங்கும். நைட்ரஜன் டைஆக்சைடு செம்பழுப்புப் புகையாக வெளிவரும். என் மாணவப் பருவத்தில் அப்படி ஒரு மூசை உலைக்குள்ளேயே பொங்கி வழிந்து, சுவரெல்லாம் வெள்ளைப் பஞ்சாய் ஒட்டியதைச் சுரண்ட ஒரு நாள் முழுவதும் போயிற்று. அந்த முறையைப் பின்பற்றியே ஆக வேண்டுமானால் மிகச் சிறு அளவில், புகைப்போக்கிக்குள், முகக்காப்போடு செய்ய வேண்டும். காய்ந்த நானோ பொடியை அள்ளும்போதும் என்95 வகை முகக்கவசம் வேண்டும். துத்தநாக ஆக்சைடுப் புகையைச் சுவாசித்தால் உலோகப் புகைக் காய்ச்சல் வருவது பற்றவைப்புத் தொழிலாளர்களிடம் நீண்ட காலமாக அறியப்பட்ட ஒன்று.

சுட்ட பிறகு இலை எங்கே?

இந்தத் துறையில் மிகுதியாகக் காணப்படும் முரண்பாடு இந்தப் படியில்தான் தொடங்குகிறது. பொடியை 400 அல்லது 500 டிகிரியில் காற்றில் இரண்டு மணி நேரம் சுடுகிறார்கள். பிறகு, துகளின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள குவெர்செடினும் புரதமும்தான் பாக்டீரியாவைக் கொல்வதற்கு உதவுகின்றன என்று எழுதுகிறார்கள். அந்தச் சூட்டில் குவெர்செடினும் இராது, புரதமும் இராது. இலையிலிருந்து எஞ்சக்கூடியது அதன் சாம்பல் உப்புகள் மட்டுமே. சான்றாகக் காட்டப்படுவது அகச்சிவப்பு நிறமாலையில் 3400-ஐயும் 1630-ஐயும் (செ.மீ.⁻¹ அலகில்) ஒட்டித் தெரியும் பட்டைகள். 3400-இல் தெரிவது ஹைட்ராக்சில் நீட்சி. 1630-இல் நீர் மூலக்கூறின் வளைவு அதிர்வும் தோன்றும். சுட்ட பொடி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்த இரண்டும் கடையில் வாங்கிய துத்தநாக ஆக்சைடிலும் தெரியும். ‘ஆ’ முகவையின் பொடியை அதே நாளில் அதே கருவியில் வைத்துப் பார்த்தால் இந்த ஐயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எனவேதான் பொடியைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னேன். இலைச் சேர்மம் மேற்பரப்பில் இருக்கிறது என்று சொல்ல விரும்பினால் சுடாத பாதியைப் பயன்படுத்த வேண்டும்; வெப்ப எடைப் பகுப்பாய்வில் 200 முதல் 500 டிகிரிக்குள் எத்தனை விழுக்காடு எடை குறைகிறது என்பதை ‘அ’, ‘ஆ’ இரண்டுக்கும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். தூய ஆக்சைடு வேண்டுமானால் சுட்ட பாதி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதற்குரிய சொல்லை மட்டும் சொல்ல வேண்டும்.

துகளை அளத்தல்

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவைப் பலர் 20 டிகிரிக் கோணத்திலிருந்து தொடங்குகிறார்கள். 5 டிகிரியிலிருந்து தொடங்க வேண்டும்; மேலே சொன்ன காரத் துத்தநாக அசிட்டேட்டின் வலிமையான முகடு 10 டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. செம்புக் கதிரில் துத்தநாக ஆக்சைடின் உர்ட்சைட் என்னும் அறுகோணப் படிக அமைப்புக்குரிய முகடுகள் 31.8, 34.4, 36.3, 47.5, 56.6, 62.9, 68.0 ஆகிய கோணங்களை ஒட்டித் தெரியும். ஒப்பிட வேண்டிய ஜேசிபிடிஎஸ் தரவுத் தொகுப்பின் அட்டை எண் 36-1451.

முருங்கையின் குறை தலைகாட்டும் இடம் இதுதான். சரியாகக் கழுவாத பொடியைச் சுட்டால் 28.3-ஐ ஒட்டி ஒரு கூர்மையான முகடு எழலாம். அது பொட்டாசியம் குளோரைடு. 29.4-ஐ ஒட்டி வந்தால் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். சுட்ட பொடியை நீரில் அலசி மீண்டும் பதிவு செய்து பாருங்கள், 28.3 மறைந்து 29.4 நிலைத்திருந்தால் ஐயமே இல்லை, முதலாவது நீரில் கரையும், இரண்டாவது கரையாது. இவற்றைப் ‘படிகமான தாவரச் சேர்மங்களின் முகடுகள்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

படிக அளவை ஷெர்ரர் சமன்பாட்டால் கணக்கிடலாம். 0.9-ஐக் கதிரின் அலைநீளமான 0.15406 நானோமீட்டரால் பெருக்கி, முகட்டின் பாதியுயர அகலத்தையும் பாதிக் கோணத்தின் கோசைனையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 36.25-இல் உள்ள முகட்டின் அகலம் 0.42 டிகிரி என்று கொள்வோம். அதை ரேடியனாக்கினால் 0.00733, 18.125 டிகிரியின் கோசைன் 0.950, விடை ஏறத்தாழ 20 நானோமீட்டர். அகலத்தை ரேடியனாக்க மறப்பதும், கோணத்தைப் பாதியாக்க மறப்பதும், கருவியே தரும் அகலத்தைக் கழிக்க மறப்பதும் வாடிக்கையான பிழைகள். கிடைத்த 20 நானோமீட்டர் படிகத்தின் அளவே தவிர, துகளின் அளவு அன்று. ஒரு துகளில் பல படிகங்கள் ஒட்டியிருக்கலாம். துகளின் அளவுக்கு ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் குறைந்தது 200 துகள்களை அளந்து பரவலைக் காட்ட வேண்டும். அழகான ஒரு மூலையைப் படமெடுத்துப் பத்துத் துகளை அளப்பது போதாது.

நீரில் கலந்த நிலையில் ஒளிச்சிதறல் கருவி காட்டும் விட்டம் இவற்றைவிடப் பெரிதாகவே வரும். அது பிழையன்று, துகள்களின் கொத்தையும் சுற்றியுள்ள நீருறையையும் சேர்த்தே அது அளக்கிறது. பாக்டீரியாவும் செல்லும் எதிர்கொள்வது அந்தக் கொத்தைத்தான் என்பதால், சோதனைக்குப் பயன்படுத்தும் அதே வளர்ப்பு ஊடகத்தில் இந்த அளவை எடுப்பதே பயனுள்ளது. புற ஊதா நிறமாலையில் 370 நானோமீட்டரை ஒட்டி உட்கவர்ச்சி தெரியும். 1240-ஐ 370-ஆல் வகுத்தால் ஆற்றல் இடைவெளி 3.35 எலக்ட்ரான் வோல்ட். 20 நானோமீட்டர் துகளில் இந்த எண் சிறிது ஏறியிருப்பதைக் குவாண்டம் விளைவு என்று எழுத வேண்டாம். துத்தநாக ஆக்சைடின் எக்சிட்டான் (எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் சேர்ந்த இணை) போர் ஆரம் 2 நானோமீட்டரை ஒட்டியதே. அந்த விளைவு தென்பட இன்னும் வெகு சிறிய துகள்கள் வேண்டும்.

பாக்டீரியாவோடு

ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, எஷெரிகியா கோலை ஏடிசிசி 25922 ஆகிய இரு தரமான வகைகளோடு (ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) தொடங்கலாம். வேலை முழுவதும் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதிக்குள் நடக்க வேண்டும். கழிவை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பின்பே அகற்ற வேண்டும்.

அகார் தட்டில் குழி தோண்டித் துகள் கலவையை ஊற்றி, மறுநாள் தெளிந்த வளையத்தை அளவுகோலால் அளக்கும் முறை எளிது, படமும் அழகாக வரும். ஆனால் கரையாத துகள் அகாருக்குள் ஊர்ந்து போவதில்லை. வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் கரைந்து வெளியேறிய துத்தநாக அயனி, அல்லது கழுவாமல் விட்ட உப்பு, அல்லது கலக்கப் பயன்படுத்திய டைமெத்தில் சல்ஃபாக்சைடு. வளையம் தெரியாவிட்டாலும் துகளுக்குத் திறனில்லை என்று சொல்ல முடியாது. எனவே முதல்நிலைப் பார்வைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, நுண்தட்டு நீர்மநேர்ப்பு முறையில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காண வேண்டும்.

துகளை மலட்டு நீரில் கலந்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து மீயொலியால் சிதறடித்து, உடனே பயன்படுத்த வேண்டும். ஊடகத்தின் உப்பில் அது விரைவில் கொத்தாகிப் படியும். பாக்டீரியாக் கலவையை 0.5 மெக்ஃபார்லண்ட் என்னும் தரக் கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து நேர்த்து, குழியில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் உயிர்ச்செல்கள் இருக்குமாறு சேர்த்து, முல்லர் ஹிண்டன் என்னும் வளர்ப்பு நீர்மத்தில் 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வளர்க்க வேண்டும். துகளே கலங்கலாக இருப்பதால் கண்ணாலோ ஒளியடர்த்தியாலோ வளர்ச்சியைச் சொல்ல முடியாது. ரெசசூரின் சாயத்தைச் சேர்த்து, நீலம் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். துகள் சாயத்தோடு நேரடியாக வினைபுரிகிறதா என்பதற்குப் பாக்டீரியா இல்லாத ஒரு வரிசையும், கொன்றதா நிறுத்தி மட்டும் வைத்ததா என்பதற்கு அகாரில் மறுவளர்ப்பும் தேவை.

இந்தத் தட்டில் இடம்பெற வேண்டியவை: ‘அ’வின் இரு பாதிகள், ‘ஆ’, ‘ஈ’, இலை வடிநீர் மட்டும், கடையில் வாங்கிய துத்தநாக ஆக்சைடு, சம அளவு துத்தநாகம் உள்ள அசிட்டேட் கரைசல், ஒரு தரமான ஆன்டிபயாடிக். கடைசிக்கு முந்தையதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். துத்தநாக ஆக்சைடு பாக்டீரியாவைத் தாக்குவதற்கு வினைமிகு ஆக்சிஜன் வகைகள், செல்சவ்வில் ஏற்படும் சேதம், கரைந்து வெளிவரும் அயனி ஆகிய மூன்றும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அயனி மட்டுமே அதே அளவு வேலையைச் செய்யுமானால் நானோ துகள் எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு வரிசைதான் பதில் தரும். துத்தநாக ஆக்சைடு ஒளியில் வினையூக்கியாகச் செயல்படும் என்பதால் தட்டு இருட்டில் இருந்ததா வெளிச்சத்தில் இருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும்.

பாலூட்டிச் செல்லோடு

பாக்டீரியாவைக் கொல்வது கடினமன்று, பினாயிலும் கொல்லும். காயத்தில் இடும் களிம்புக்கோ கட்டுத்துணிக்கோ உதவ வேண்டுமானால், பாக்டீரியாவைத் தடுக்கும் செறிவில் தோல் செல் உயிரோடிருக்க வேண்டும். எல்929 என்னும் சுண்டெலி இணைப்புத்திசு (ஃபைப்ரோபிளாஸ்ட்) செல்களில், செல்நச்சுச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரப்படி சோதித்தால், உயிர்த்திறன் 70 விழுக்காட்டுக்குக் கீழே போகும் செறிவு செல்நச்சுள்ளதாகக் கொள்ளப்படும். துத்தநாக ஆக்சைடு நானோ துகள் பல செல் வகைகளில் மில்லிலிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவிலேயே நச்சாகிறது. உங்கள் தடுப்புச் செறிவு 500 மைக்ரோகிராம், செல் சாவது 50 மைக்ரோகிராமில் என்றால் அதை மருந்து என்று அழைக்க வழியில்லை. அந்த இரு எண்களையும் ஒரே அட்டவணையில் அருகருகே போட வேண்டும். உயிருள்ள செல்லைச் சாயத்தின் நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில் துகள் 570 நானோமீட்டர் ஒளியைச் சிதறடித்து எண்ணைக் குழப்பும் என்பதால், செல் இல்லாத குழிகளின் அளவைக் கழிப்பதோடு, தட்டைச் சுழற்றித் தெளிந்த நீர்மத்தை வேறு தட்டுக்கு மாற்றிய பிறகே படிக்க வேண்டும்.

எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியாச் சவ்வு நஞ்சைப் பற்றி இந்தத் துறையில் பேசுவோர் குறைவு. மண்ணில் நின்ற மரத்தின் இலையிலும், நாள்பட்ட காய்ச்சி வடித்த நீரிலும் அது இருக்கும். ஆட்டோகிளேவில் முழுதும் அழியாது. உலர்வெப்பத்தில் 250 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தால் அழியும் என்பதால் 400 டிகிரியில் சுட்ட பாதி அதிலிருந்து விடுபட்டதே. ஆனால் சுட்ட பின் பொட்டாசியத்தை நீக்க அலசினோமே, அந்த நீர் தூய்மையாக இல்லாவிட்டால் நீக்கியது திரும்ப வந்துவிடும். எனவே அந்த அலசலுக்கு மட்டும் ஊசிமருந்துக்கான நீரைப் பயன்படுத்த வேண்டும்.

உலோக ஆக்சைடு நானோ துகள் மருத்துவத்துக்கு வந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்குச் சிரைவழி செலுத்தும் ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு ஆக்சைடு மருந்துக்கு அமெரிக்காவில் 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. அதன் மேலுறை வரையறுக்கப்பட்ட ஒரே கார்போஹைட்ரேட். இலைச்சாற்றைப் போல் பெயர் தெரியாத பல சேர்மங்களின் கலவை அன்று. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வெளியிட்டது. தோலுக்கு மேல் பூசும் பயன்பாட்டை இலக்காக வைப்பதே துத்தநாக ஆக்சைடுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. கலமைன் பூச்சிலும், பல்மருத்துவத்தில் யூஜினாலோடு கலந்த சிமெண்டிலும் அது ஏற்கெனவே பழகிய பொருள்.

பொடியைச் சேமிக்கும் முறையோடு இந்தக் குறிப்பு முடிகிறது. ஈரமும் கார்பன் டைஆக்சைடும் உள்ள காற்றில் துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பு மெல்ல மெல்லக் காரக் கார்பனேட்டாக மாறும். இறுக மூடிய குப்பியை ஈரநீக்கிக் கலனில் வைத்து, தொகுதி எண், முகவையின் எழுத்து, சுட்டதா சுடாததா, வடிநீரின் பீனால் அளவு, தயாரித்த நாள் ஆகியவற்றை அதன் மேல் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே குப்பியிலிருந்து எடுத்து எக்ஸ்-கதிர்ப் பதிவையும் தடுப்புச் செறிவையும் மீண்டும் பார்த்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.